டால்பின் ஆராய்ச்சி: மகளை எதில் சேர்ப்பது?

அம்மா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள் கரை ஒதுங்கும் டால்பின்களைத்தான் ஆராய்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டால்பினை மட்டும் நம்பி முடியாது. இந்தத் துறையில் நிரந்தர வேலை குறைவு. பல வருடம் ஒப்பந்தத் திட்டங்களில்தான் ஓடும். அதனால் முதல் பட்டம் தனியாகவே சோறு போடுவதாக இருக்கட்டும்.

என் முதல் தேர்வு கால்நடை மருத்துவம். ஐந்தரை வருடப் படிப்பு. பிரேதப் பரிசோதனை தெரிந்தவருக்கு இந்த வேலையில் தனி மதிப்பு. இடம் கிடைக்காவிட்டால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. முதுநிலைக்குப் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

வேலை எப்படியிருக்கும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரையில் 80க்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கிலம், குடும்பம் டால்பின் குடும்பம். அப்படி ஒதுங்கினால் முதலில் குறிப்பது நீளமும் பாலினமும். மேல்தாடை நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடல்மேல் டேப்பை வளைத்தால், ஊதிய வயிறு நீளத்தைக் கூட்டிக் காட்டும். பிறகு அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். பிறப்புறுப்புப் பிளவும் மலத்துவாரமும் ஒட்டியிருந்து, இருபக்கமும் சிறிய முலைப்பிளவுகள் இருந்தால் பெண். பிறப்புறுப்புப் பிளவுக்கும் மலத்துவாரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தால் ஆண்.

பாலினம் தெரியாத நீளத்தை வைத்து அதிகம் சொல்ல முடியாது. பைலட் திமிங்கிலத்தில் ஆண் பெரிது. கங்கை டால்பினில் பெண் பெரிது. ஐந்து மீட்டர் பைலட் திமிங்கிலம் முழு வளர்ச்சியடைந்த பெண்ணாகவும் இருக்கலாம், இன்னும் வளர்கிற ஆணாகவும் இருக்கலாம். போதாததற்கு, கரைக்கு வருபவை கடலில் உள்ள கூட்டத்தின் சரியான மாதிரி என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே புள்ளியியல் கட்டாயம். உயிரியல் மாணவர்கள் கணக்கைக் கண்டு ஓடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல்.

இன்னொன்று, இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. வனத்துறை அனுமதியில்லாமல் இறந்த உடலைக்கூடத் தொடக்கூடாது. ஆர்வத்தில் கடற்கரைக்கு ஓடி பல்லைப் பிடுங்கி வந்துவிடப் போகிறாள்!

அழுகிய உடலின் நாற்றத்தை எல்லோராலும் தாங்க முடியாது. விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் கால்நடை மருத்துவமனையிலும், ஒரு காலை மீன் இறங்குதளத்திலும் அவளை நிற்க வையுங்கள். திரும்பி வந்த பிறகும் இதே பேச்சுதான் என்றால், மதிப்பெண் பட்டியலோடு கூட்டி வாருங்கள்.