நீட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல என்ன பண்றது? ஒரு அம்மாவுக்கு பதில்

வணக்கம்மா. நீங்க எழுதினத முழுசா படிச்சேன். பொண்ணு நீட் எழுதிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே ஆன்சர் கீ வச்சு மார்க் போட்டுப் பாத்திருக்கா, நெனச்சத விட கம்மியா வந்திருக்கு, அன்னில இருந்து சரியா சாப்பாடு இல்ல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன், ஏதாவது கேட்டா எரிஞ்சு விழறா, நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறா. இதப் பாத்துப் பாத்து உங்களுக்கும் தூக்கம் போச்சு. மே, ஜூன் மாசத்துல நெறைய வீட்ல இதே நெலமதாம்மா, உங்க வளர்ப்புல ஏதோ கோளாறுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.

மொதல்ல அந்த மார்க். கோச்சிங் சென்டர்காரங்க சாயங்காலமே விடற கீ எல்லாம் சில கேள்விக்கு ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போகாது, அதோட ஓஎம்ஆர்ல, அதாவது வட்டத்த ஷேட் பண்ற விடைத்தாள்ல, எத ஷேட் பண்ணினோம்னு ஞாபகத்த வச்சுதான் அவ கணக்கு போட்டிருப்பா. சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1, அப்ப ஒரு கேள்வி மாறினாலே 5 மார்க் வித்தியாசம், நாலு கேள்வின்னா 20. கூடும்னு நான் சொல்லல, கொறையவும் செய்யலாம், ஆனா அந்த நம்பர நம்பி இப்பவே அழ வேண்டாம். நீட் நடத்தற என்டிஏ அவளோட ஓஎம்ஆர் ஷீட்டையும் கீயையும் வெளியிடும்போது ஒரு தடவ பாத்துக்கட்டும். அதுவரைக்கும் "இந்த வருஷம் கட் ஆஃப் இவ்ளோதான்"னு வர்ற யூடியூப் வீடியோ, டெலிகிராம் குரூப் ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி அது யாருக்கும் தெரியாது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்த பயம் இவ்ளோ பெருசாகறதுக்கு மார்க் மட்டும் காரணம் இல்லம்மா, ஒண்ணுமே செய்யாம ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்கறதும்தான். வீடே ஒரு தேதிய பாத்து மூச்ச புடிச்சிட்டு நிக்குது, அதுவரைக்கும் வேற காலேஜ் பேச்சே எடுக்கக்கூடாது, எடுத்தா அவ மனசு உடைஞ்சிடும்னு நீங்களும் சும்மா இருக்கீங்க. ஆனா மத்த விண்ணப்பம் எதுவும் நீட்டுக்காக காத்துட்டு இருக்காது. 2025லயே பாருங்க, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு ஜூன் 6 கடைசி நாள், நீட் ரிசல்ட் வந்தது ஜூன் 14. ரிசல்ட் பாத்துட்டு யோசிக்கலாம்னு இருந்தவங்களுக்கு அங்க கதவு பாதி சாத்தியாச்சு.

அதனால இப்பவே அப்ளிகேஷன் போடுங்க. "டாக்டர் ஆக முடியாதுன்னு முடிவு பண்ணிட்டியா"ன்னு அவ கேப்பா. "இல்லடா, அந்த ஆசை அப்படியே இருக்கட்டும், இது கையில ஒரு இடம் இருக்கட்டும்னு போடறோம்"னு சொல்லுங்க. அவ மேத்ஸ் பயாலஜி குரூப்பா இருந்தா இன்ஜினியரிங்குக்கு போடலாம், மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு மொத்தம் 200க்குதான் அங்க கட் ஆஃப். மேத்ஸ் இல்லாத சயின்ஸ் குரூப்னா கால்நடை மருத்துவம், அக்ரி, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் இதெல்லாம் இருக்கு, நம்ம மாநில கவுன்சிலிங்ல இதுக்கெல்லாம் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. கால்நடை மருத்துவமும் டாக்டர் படிப்புதாம்மா, நெறைய பேருக்கு அது ஞாபகமே வர்றதில்ல. அரசு கலைக் கல்லூரிக்கும் ஒண்ணு போட்டு வைங்க, செலவு கம்மி.

இதுக்கான அலைச்சல்ல அவளையும் கூட்டிட்டு போங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழ், எல்லாத்துக்கும் இ-சேவை மையத்துல பதியணும், கைக்கு வர சில நாள் ஆகும். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியா இருந்தா 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு, எம்பிபிஎஸ்லயும் இன்ஜினியரிங்லயும், அதுக்கு படிச்ச ஸ்கூல்லயே சர்டிபிகேட் வாங்கணும். ஒரு நாளைக்கு ஒரு வேலை முடிஞ்சா போதும். கை வேலையில இருந்தா மனசு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும், என்கிட்ட வர்ற பசங்க கிட்ட இத நான் தொடர்ந்து பாத்துட்டு வரேன்.

இன்னொரு தடவ நீட் எழுதறதுக்கு ரிப்பீட்டர் கோச்சிங் சேக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நீட்டுக்கு இத்தனை தடவதான்னு கணக்கு இல்ல, அதனால அந்த முடிவ இப்ப எடுக்கணும்னு அவசரமே இல்ல. ரிசல்ட் வந்து ஒரு வாரம் போகட்டும், அவளா "இன்னொரு வருஷம் எழுதறேன்"னு சொன்னா அப்ப பேசலாம், உங்க ஆசைக்காகவோ சொந்தக்காரங்களுக்காகவோ வேண்டாம்.

சொந்தக்காரங்கன்னதும் ஞாபகம் வருது, "எவ்ளோ வரும்"னு வர்ற போன் எல்லாத்தையும் நீங்களே எடுத்து "வந்ததும் சொல்றோம்"னு முடிச்சிடுங்க, அவ காதுக்கு போக வேணாம். அவங்க அப்பா கிட்டயும் சொல்லி வைங்க, கோச்சிங்குக்கு கட்டின பணத்த பத்தி இந்த மாசம் வீட்ல ஒரு வார்த்தை வரக்கூடாது. அது அவளுக்கு நல்லா தெரியும், அதான் சரியா உங்க முகத்தக்கூட பாக்க மாட்டேங்கறா.

படபடப்பு வரும்போது பக்கத்துல உக்காந்து மூச்ச மெதுவா இழுத்து, இழுத்தத விட நீளமா வெளிய விட சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல நெஞ்சடிப்பு கொறையும். சாயங்காலத்துக்கு மேல காபி, டீ வேணாம், போன் ராத்திரி ஹால்ல இருக்கட்டும், உங்களோடதும் சேத்துதான்.

ரெண்டு வாரத்துக்கு மேலயும் தூக்கமும் சாப்பாடும் சரியாகலன்னா, இல்ல "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி ஒரு பேச்சு வந்தாலே, ரிசல்ட் வரைக்கும் பாக்கலாம்னு தள்ளாதீங்க. "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேரடியாவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது, சொல்ல ஆள் இல்லாமதான் பசங்க உள்ளயே வச்சுக்கறாங்க. ஆமான்னா அவள தனியா விடாம அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க. அரசோட மருத்துவ உதவி எண் 104க்கும், மனநல உதவி எண் 14416க்கும் எந்த நேரத்துலயும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. 2021ல நீட் எழுதின பசங்களுக்கு 104ல இருந்து அவங்களே கூப்பிட்டு பேசினாங்க. நீங்களும் பண்ணலாம், பயம் உங்களுக்கும்தானே இருக்கு.

அவ எந்த குரூப், பிளஸ் டூ மார்க் என்ன, எந்தெந்த சர்டிபிகேட் கையில இருக்குன்னு இன்னிக்கே எழுதி அனுப்புங்கம்மா. எதுக்கு மொதல்ல போடணும்னு வரிசையா சொல்றேன்.