'பூஜ்யம்' காட்டினால் சந்தேகப்படுங்கள்: காற்று சென்சார் கேள்வி பதில்

கட்டடங்களில் தானியங்கிக் கட்டுப்பாடு பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் அன்றாட வேலை. காற்று சென்சார் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், காற்றின் வேகத்தை அளப்பது வானிலைக்காரர்கள் வேலை. சாதாரணக் கட்டடத்துக்கு அது எதற்கு?

வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, திறந்து மூடுவது எதுவானாலும் காற்றுக்கு அது பாய்மரம்தான். வெயிலை மறைக்க மடங்கி விரியும் துணிக்கூரையான ஆனிங், ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தகட்டுத் திரையான பிளைண்டு, கூரையில் திறக்கும் ஜன்னல், வெயிலைப் பார்த்துத் திரும்பும் சோலார் பேனல், பசுமைக்குடிலின் கூரைத் திறப்பு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். நீரூற்றுக்குக்கூட சென்சார் வைப்பார்கள். காற்று கூடினால் தண்ணீர் எழும் உயரம் தானாகக் குறையும், பக்கத்தில் நடப்பவர்கள் நனைய மாட்டார்கள்.

பலரும் தவறவிடுவது ஒரு கணக்கை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 61 பாஸ்கல் அழுத்தம் தரும். ஏறக்குறைய 6 கிலோ எடை. அதுவே 72 கி.மீ. ஆனால் 25 கிலோ. 12 சதுர மீட்டர் துணி விரித்திருந்தால் 75 கிலோ தாங்கியது 300 கிலோ தாங்க வேண்டும். துணியின் சாய்வைப் பொறுத்து இது கூடும் குறையும். ஆனால் அந்தச் சுமை முழுவதும் சுவரில் இறங்கியிருக்கும் நாலைந்து போல்ட்டுகளின் மேல்தான் போகிறது.

கேள்வி: எங்கள் ஆனிங்கை 60 கி.மீ. வேகத்தில் மடங்கும்படி செட் செய்திருக்கிறார்கள். சரிதானா?

மிகவும் அதிகம். இன்றே குறைக்கச் சொல்லுங்கள். ஆனிங்குகளுக்கான ஐரோப்பியத் தர விதி ஈஎன் 13561 காற்றைத் தாங்கும் திறனை வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு 28 கி.மீ. வரை, இரண்டாவது 38, மூன்றாவது 49. உச்ச வகுப்பே 49-இல் முடிகிறது. நீங்கள் 60 வரை காத்திருக்கிறீர்கள். உங்கள் ஆனிங்கின் லேபிளில் வகுப்பு அச்சிட்டிருக்கும். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே வையுங்கள். இரண்டாம் வகுப்பு என்றால் நான் 30-ஐத் தாண்ட விடமாட்டேன். ஏனென்றால் சென்சார் சொன்ன நொடியில் துணி உள்ளே போய்விடாது. மோட்டார் சுற்றி முடிக்கும் வரை காற்று நமக்காக நிற்காது.

கருவி இல்லாமல் ஒரு அடையாளம் வேண்டுமென்றால், இலையோடு இருக்கும் சிறு மரங்கள் முழுதாக ஆட ஆரம்பிப்பது, காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை பிரிக்கும் போஃபோர்ட் அளவில் 5. அது 29 முதல் 38 கி.மீ. வரை. அப்போது ஆனிங் உள்ளே இருக்க வேண்டும்.

கேள்வி: காற்று வந்தால் பிளைண்டு மேலே போகிறது, நின்றால் இறங்குகிறது, மறுபடி மேலே. நாள் முழுக்க இதே கூத்து. மோட்டார் போய்விடும் போலிருக்கிறது.

ஏற்றுவதற்கு உள்ள விதியையே இறக்குவதற்கும் வைத்துவிட்டார்கள். ஏற்றுவதில் தாமதமே கூடாது. சில வினாடி வீச்சுக்கே ஏற வேண்டும். இறக்குவதற்கு இரண்டு நிபந்தனைகள் வையுங்கள்: வேகம் அலாரம் அளவை (பிளைண்டை ஏற்றச் சொல்லும் வேகத்தை) விடத் தெளிவாகக் கீழே வர வேண்டும், அங்கேயே 10 முதல் 15 நிமிடம் நிலைத்திருக்க வேண்டும்.

சிலர் சராசரியை எடுத்துப் பாதுகாப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். வானிலைத் துறை 10 நிமிடச் சராசரியைக் காற்றின் வேகம் என்றும், 3 வினாடி உச்சத்தை வீச்சு என்றும் பதிவு செய்கிறது. பொருளை உடைப்பது அந்த 3 வினாடி. சராசரி, ஜன்னலை எவ்வளவு திறந்து வைப்பது போன்ற வசதிக் கணக்குகளுக்கு மட்டும் போதும்.

கேள்வி: சென்சாரை எங்கே வைப்பது? கைப்பிடிச் சுவரிலேயே ஒரு கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாமா?

வேண்டாம். சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, விளிம்பைத் தாண்டும்போது கூரையை விட்டுப் பிரிந்து பாயும். அதற்குக் கீழே, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், காற்று சுழன்றுகொண்டிருக்கும். ஒரு நீளக் குச்சியின் நுனியில் நாடா கட்டி மாடியில் பிடித்துப் பாருங்கள். விளிம்புக்கு மேல் நாடா வானத்தைப் பார்த்து எழும்பும். சில அடி உள்ளே வந்து தாழ்த்தினால் காற்று வரும் திசையை நோக்கியே மடங்கும். அங்கே மாட்டிய சென்சார் ஒரு திசைக் காற்றில் கூட்டியும் இன்னொரு திசைக் காற்றில் குறைத்தும் சொல்லும். நாடா ஒரே நேராகப் பறக்கும் உயரம் வரை கம்பத்தை ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை இவற்றின் மறைவில் வைக்காதீர்கள்.

வானிலை நிலையத்தில் 10 மீட்டர் உயரக் கம்பம், தடை எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் என்று விதி. கட்டடத்தில் அது நடக்காது. அதனால் பெரிய கட்டடம் என்றால் ஒரே சென்சாரோடு நிறுத்தாமல், பக்கத்துக்கு ஒன்று வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மூலைகளில் காற்று நெருக்கிப் பாயும். அங்கே தொங்கும் பிளைண்டுகளுக்கு அலாரம் அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

உயரத்தில் வைப்பதால் இடியையும் யோசிக்க வேண்டும். இடிதாங்கியின் நுனி சென்சாரை விட உயரமாக, சென்சார் அதன் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கட்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு போடுங்கள்.

கேள்வி: கிண்ணம் சுற்றும் சென்சார் நல்லதா, அல்ட்ராசானிக் நல்லதா?

கிண்ணக் காற்றுமானி 1846-இல் அயர்லாந்துக்காரர் ராபின்சன் செய்தது, அப்போது நான்கு கிண்ணம். 1926-இல் கனடாக்காரர் பேட்டர்சன் அதை மூன்றாக்கினார். விலை குறைவு, பழுது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பேரிங் தேயும். அல்ட்ராசானிக்கில் சுற்றும் பாகமே இல்லை. எதிரெதிர் முனை ஜோடிகளுக்கிடையே ஒலி போய் வரும் நேர வித்தியாசத்திலிருந்து வேகத்தையும் திசையையும் சேர்த்தே சொல்லும். ஏறிப் பராமரிக்க முடியாத உயரம் என்றால் கூடுதல் செலவானாலும் இதையே வாங்குங்கள். பறவை உட்காராமல் இருக்க மேலே முள் வேண்டும்.

ஒரே ஒரு ஆனிங் மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். முன்கம்பியில் மாட்டும் அதிர்வு சென்சார் போதும். பேட்டரியை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: சென்சார் இருந்தும் எங்கள் பிளைண்டு பலத்த காற்றில் வளைந்துபோனது. பதிவைப் பார்த்தால் காற்று 0 என்றே இருக்கிறது. எப்படி இது?

இதே காட்சியை நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்தில் வெளிப்புற பிளைண்டின் ஒரு வரிசை முழுவதும் தடத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு, அலுமினியத் தகடுகள் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தன. மாடிக்கு ஏறினேன். கம்பம் நேராக நின்றது, ஒயரில் குறையில்லை. கிண்ணத்தை விரலால் தள்ளினேன். நறநறவென்று மண் அரைபடும் சத்தத்தோடு கால் சுற்று சுற்றி நின்றுவிட்டது. பேரிங்குக்குள் தூசி கெட்டித்திருந்தது. பதிவைப் பின்னோக்கிப் பார்த்தால் பல மாதமாக வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் பூஜ்யத்தில் படுத்திருந்தது. 'இங்கே காற்றே இல்லை' என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

காற்று சென்சாரின் ஆபத்து இதுதான். அது கெட்டுப்போகும்போது அமைதியான நாளைப் போலவே காட்டும். சுற்றச் சுற்ற பல்ஸ் (மின்துடிப்பு) தரும் சென்சாரில் ஒயர் அறுந்தாலும் பூஜ்யம், காற்று இல்லாவிட்டாலும் பூஜ்யம். வேகத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்லும் வகையில் காற்றில்லாதபோதும் 4 வரும், அதனால் ஒயர் அறுந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பேரிங் இறுகினாலும் அதே 4 தான். கட்டடக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கேஎன்எக்ஸ் அமைப்பில் சென்சார் குறித்த இடைவெளியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்படி செய்து, செய்தி வராவிட்டால் பிளைண்டு மேலே போகும்படி அமைக்கலாம். அதுவும் பேரிங்கைக் காட்டிக்கொடுக்காது. எனவே கன்ட்ரோலரில் இன்னொரு விதியும் எழுதுங்கள்: 24 மணி நேரம் ஒரு சிறு அசைவும் பதிவாகாவிட்டால் சென்சார் பழுது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மடக்கு. திறந்த மொட்டைமாடியில் ஒரு நாள் முழுக்க இலை அசையாமல் இருப்பது மிக அபூர்வம். இரண்டு சென்சார் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடச் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் மாணவன். ஈஎஸ்பி-32 என்ற சிறு கணினிப் போர்டில் கிண்ண சென்சார் இணைத்தேன். காற்று 200 கி.மீ. என்று திடீர் திடீரென்று காட்டுகிறது.

தம்பி, அது காற்றில்லை, உள்ளே காந்தத்தால் மூடித் திறக்கும் ரீட் ஸ்விட்ச்சின் துள்ளல். காந்தம் கடக்கும்போது தொடுமுனை ஒரு முறை மூடுவதற்குப் பதில் சிலமுறை அதிர்ந்து மூடும், போர்டு ஒவ்வொன்றையும் எண்ணிவிடும். பல்ஸ் வந்ததும் ஓடும் நிரலான இன்டர்ரப்டில், முந்தைய பல்ஸிலிருந்து சில மில்லிவினாடிக்குள் வருவதைத் தள்ளிவிடு. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது போர்டின் உள்ளீட்டை நிலையாக வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பார். பழகுவோர் வாங்கும் கிண்ணங்களில் பல, வினாடிக்கு ஒரு பல்ஸ் என்றால் 2.4 கி.மீ. என்ற கணக்கில் வரும். உன்னுடையதன் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள். 3 வினாடிக்கு எண்ணி வகுத்தால் வீச்சு கிடைக்கும். மடக்கும் முடிவை அந்தப் போர்டே எடுக்கட்டும். வைஃபை வழியே வேறெங்கோ போய் வரும்படி வைக்காதே.

கேள்வி: மொபைல் வானிலைச் செயலியின் காற்று வேகத்தை வைத்தே தானாக மடங்கச் செய்தால் போதாதா?

போதாது. அது உங்கள் கூரையின் வேகம் அல்ல, இந்த நொடியின் வேகமும் அல்ல. புயல் வருகிறது என்றால் முன்கூட்டியே மடக்கி வைக்கக் கூடுதலாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பலத்த காற்றில் மின்சாரம் போய்விட்டால்?

காற்றும் மின்தடையும் சேர்ந்தே வரும் என்று எண்ணித்தான் திட்டமிட வேண்டும். கன்ட்ரோலருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்து மோட்டாரை விட்டுவிட்டால் அலாரம் அடிக்கும், துணி அசையாது. மோட்டாருக்கும் மாற்று மின்சாரம் வேண்டும், அல்லது கையால் சுற்றும் கைப்பிடி உள்ள மோட்டார் வேண்டும். மின்சாரம் போனதும் மடக்கிவிட வேண்டும் என்ற விதியும் வையுங்கள்.

கேள்வி: கூரையில் புகை வெளியேறும் திறப்புகள் உள்ளன. காற்று அலாரம் வந்தால் அவையும் மூடிக்கொள்ள வேண்டுமா?

அன்றாடக் காற்றோட்டத்துக்காகத் திறந்திருந்தால் மூடலாம். தீ அலாரம் வந்துவிட்டால் காற்று சென்சாருக்கு அங்கே அதிகாரமே இருக்கக் கூடாது. உயிர் போகும் விஷயம் இது. பக்கச் சுவர் ஜன்னல்கள் வழியே புகையை விடும் அமைப்பில் சென்சாரின் வேலை மூடுவதல்ல, திசை சொல்வது. காற்று மோதும் பக்கத்தைத் திறந்தால் புகை உள்ளேயே தள்ளப்படும், எதிர்ப்பக்கத்தைத் திறந்தால் இழுத்துக்கொண்டு வெளியேறும். இந்த இணைப்பைத் தீப்பாதுகாப்புப் பொறியாளர்தான் வடிவமைக்க வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தக்காரர் வேலை முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். நான் எதைப் பார்க்க வேண்டும்?

பிளைண்டுகளைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒருவர் மாடியில் கிண்ணத்தைக் கையால் வேகமாகச் சுழற்றட்டும். எல்லா வரிசையும் ஏறுகிறதா, எத்தனை வினாடியில் என்று நீங்கள் கீழே நின்று எண்ணுங்கள். கம்ப்ரசர் காற்றை அடிக்க விடாதீர்கள், பேரிங் கெடும். மறுபடி இறக்கி, இந்த முறை சென்சார் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பிளைண்டு தானாக மேலே போனால் கையெழுத்துப் போடுங்கள். பல்ஸ் சென்சார் என்றால் மேலே சொன்ன 24 மணி நேர விதி வேலை செய்யும் வரை பொறுத்துப் பாருங்கள்.