மனநிலை வந்த பிறகுதான் வியாபாரமா?

வணக்கம் சார்,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. அம்மா அரைக்கும் சத்துமாவை பாக்கெட் போட்டு விற்கலாம் என்று இரண்டு வருடமாக யோசனை. காலையில் ஐந்து மணிக்கு எழுகிறேன், ஜெயித்தவர்களின் வீடியோக்களைக் கேட்கிறேன், இலக்குகளை டைரியில் எழுதுகிறேன். ஆனாலும் இறங்கத் துணிச்சல் வரவில்லை. "வியாபாரம் நம்ம ரத்தத்துலயே கிடையாதுடா" என்கிறார் பெரியப்பா. தொழில்முனைவோருக்கான மனநிலையை வளர்த்துக்கொள்வது எப்படி? வேலையை விட்டுவிட்டால் துணிச்சல் தானாக வருமா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

முதலில் பெரியப்பா விஷயத்தை முடித்துவிடுவோம். வியாபாரம் ரத்தத்தில் ஓடுகிறது என்று நாம் சொல்பவர்களில் நகரத்தார் முதல் வரிசை. அவர்களே ரத்தத்தை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில் பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்து, கணக்கு எழுதிப் பழகி, ஏஜெண்டுக்கு உதவியாக நிற்கும் அடுத்தாள் ஆகி, அப்புறம்தான் கடைப் பொறுப்பையே ஏற்கும் ஏஜெண்டு ஆவான். அது பயிற்சி. யாருக்கும் பிறக்கும்போதே வருவதில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் உங்களைப் பற்றி நிறைய இருக்கிறது, மாவைப் பற்றி எதுவுமே இல்லை. கிலோ என்ன விலை, அரைக்கும் கூலி போக என்ன நிற்கும், அதை வாங்கப்போவது கைக்குழந்தை இருக்கும் வீடா, சர்க்கரை வந்த பெரியவர்களா, இதுவரை சொந்தக்காரர் அல்லாத ஒருவராவது காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எழுவது நல்ல பழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து தொழிலில் நொடித்துப்போனவரை யாரும் மைக் கொடுத்துப் பேச அழைப்பதில்லை, அதனால் நமக்கு அந்தப் பக்கம் தெரிவதே இல்லை.

சிக் ஷாம்பூ விற்கும் கவின்கேர் கம்பெனியைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதனைப் பாருங்கள். குடும்பத் தொழிலிலிருந்து கருத்து வேறுபாட்டில் விலகி, 1983இல் கடலூரில் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியவர். அவர் அப்பா சின்னி கிருஷ்ணனே ஷாம்பூவை பாக்கெட்டில் அடைத்து விற்றவர்தானே என்று பெரியப்பா மடக்குவார். உண்மைதான், வீட்டிலேயே தொழில் பழகியவர். ஆனால் தனியாக வந்தபின் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஷாம்பூ பழக்கமே அதிகம் இல்லாத கிராமங்களுக்குப் போய், ஒரு பையனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் கழுவி, கூட்டத்தில் இருந்தவர்களைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். அப்புறம் எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பூ பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பூ பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். அதாவது போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரை அவரே தேடி வரும்படி செய்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் விதியை மாற்றி, சிக் காலி பாக்கெட் கொண்டுவந்தால் மட்டும்தான் இலவசம் என்றார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலி பாக்கெட் யோசனை டைரியில் இலக்கு எழுதி வந்திருக்காது. கடை வாசலில் நின்று, ஜனங்கள் எதை வாங்குகிறார்கள், எதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்கிறவருக்குத்தான் தோன்றும். நீங்கள் கேட்கும் மனநிலை என்று ஒன்று இருந்தால், தன்னைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு அடுத்தவர் கை எங்கே போகிறது என்று பார்க்கும் அந்தக் குணம்தான். அது விற்க விற்கத்தான் வரும்.

துணிச்சலுக்கு வருவோம். சரஸ் சரஸ்வதி என்று ஒரு பேராசிரியர், அமெரிக்காவில் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் ஆராய்ச்சி செய்தவர். பெரிய நிறுவனங்களைக் கட்டிய 27 பேரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை எப்படித் தொழிலாக்குவீர்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். பெரும்பாலோர் எவ்வளவு லாபம் வரும் என்று கணக்குப் போட்டு ஆரம்பிக்கவில்லை. போனால் எவ்வளவு போகும், அது போனால் நம்மால் தாங்க முடியுமா என்பதுதான் அவர்கள் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் பயத்தை நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அதற்கு ஒரு தொகை மட்டும் போட்டுவிடுங்கள். பத்தாயிரம் போனால் வீட்டில் சாப்பாடு நிற்காது என்றால் பத்தாயிரம்தான் எல்லை, அதற்குமேல் கடன் வாங்காதீர்கள், அம்மா நகையைத் தொடவே தொடாதீர்கள்.

வேலையை விட்டால் துணிச்சல் வராது, மாதம் முதல் தேதி வாடகை வரும். விடாதீர்கள். தரக்கட்டுப்பாடு தெரிந்த ஆள் நீங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே பதத்தில் வறுத்து அரைப்பது வீட்டுத் தயாரிப்பில் பலருக்குத் தகராறாகும் இடம், உங்களுக்கு அது கை வந்த வேலை. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை முதலில் வாங்கிவிடுங்கள். பிறகு லீவு நாளில் பத்து மளிகைக் கடைக்குப் போங்கள்.

ஒன்று சொல்லிவைக்கிறேன், வீடியோவில் இதைச் சொல்ல மாட்டார்கள். கடைக்காரர் "வச்சுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்" என்பார். பாதிப் பேர் முதலைத் தொலைப்பது இங்கேதான். பழகும் வரை ஒரு கடைக்கு ஐந்து பாக்கெட்டுக்கு மேல் கடனில் வைக்காதீர்கள், அடுத்த வாரம் போய் எத்தனை விற்றது என்று எண்ணி, தேதி போனதை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு கடைக்காரர் அவராகவே போன் செய்து இன்னும் பத்து வேண்டும் என்று கேட்டால் எனக்கு எழுதுங்கள், அப்போது வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம்.