படங்களும் கடிதங்களும் கையில் இல்லாதவர் சுயசரிதையை எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். தான் பெயர் பெற்ற ஆள் இல்லை. இடம்பெயர்ந்து திரிந்ததில் படம், கடிதம், சான்றிதழ் எல்லாம் போய்விட்டன. இந்த நிலையில் தன் வாழ்க்கையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது என்று கேட்கிறார்.

நான் திருகோணமலையில் இருக்கிறேன். தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது 1957. மூன்று வருசமாக என் கதையை எழுதி வருகிறேன். என்னிடமும் பழைய படம் ஒன்றுகூட இல்லை. அலஸ்தோட்டத்து வீட்டில் இருந்த அல்பம் இரண்டையும் 2004 டிசெம்பர் 26 ஆம் தேதி கடல் கொண்டு போய்விட்டது. அதனால் இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நானும் பிறந்த தேதியிலிருந்துதான் தொடங்கினேன். பிறந்தேன், படித்தேன், வேலை கிடைத்தது, கலியாணம் முடித்தேன். எட்டாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. திரும்ப வாசித்தால் ஏதோ விண்ணப்பப் படிவம் நிரப்பியதுபோல் இருந்தது. அந்த எட்டுப் பக்கத்தையும் மூடி வைத்துவிட்டு, நான் படுத்தெழும்பிய வீடுகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வந்தது. வீடு என்றால் கல்வீடு மட்டும் இல்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது பிள்ளைகளோடு ஒண்டியிருந்த உறவினர் வீட்டு விறாந்தையும், சுனாமிக்குப் பிறகு தங்கிய தறப்பாள் கொட்டிலும் அதில் சேர்த்தி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு வயதை வைத்துக் கதை பிரிப்பதைவிட வீட்டை வைத்துப் பிரிப்பது பொருத்தம். ஒவ்வொரு வீட்டையும் விட்டு ஏன் வெளிக்கிட்டோம் என்று எழுதினாலே பாதிக் கதை வந்துவிடும்.

அடுத்ததாக, எழுதாதீர்கள், கீறுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். படலை எங்கே, கிணறு எங்கே, குசினிக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது, இரவில் யார் எங்கே பாய் விரித்தார்கள் என்று கீறிப் பாருங்கள். படம் வடிவாக இருக்கத் தேவையில்லை. பாய் விரித்த இடத்தைக் குறிக்கும்போது அந்தப் பாயில் படுத்தவர் நினைவுக்கு வருவார். அவர் இருமினது வரும். இருமலுக்கு அம்மம்மா அவித்துக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணியின் மணம் வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மடத்தடி வீட்டைக் கீறும்போது விறாந்தை மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டியையும் கீறினேன். அது அப்பாவின் தச்சுச் சாமான் பெட்டி. மேலே வெள்ளைப் பெயின்றில் ஆங்கில எழுத்துகள். நாங்கள் தொட்டால் அடி விழும். அப்பாவைப் பற்றி எனக்கிருந்த முதல் நினைவே அந்த அடிதான். அவரைக் கோபக்காரர் என்றே என் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தேன். கீறி முடித்துவிட்டு, அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று அண்ணாவிடம் கேட்டேன். டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்த காலத்துப் பெட்டி என்றார். பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது 1957 இல். அதோடு அப்பாவுக்கு வேலை போனது. நான் பிறந்த அதே வருசம். அவருக்கு அப்போது 31 வயது, நானும் சேர்த்து மூன்று பிள்ளைகள். வாடகை கொடுக்க வழியில்லாமல் மாமியார் வளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்த வீட்டு விறாந்தையில் அவருடையது என்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

இவ்வளவும் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்த விஷயங்கள்தான். டொக்யாட் கைமாறிய கதையும் தெரியும், என் பிறந்த வருசமும் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஊரில் நடந்ததையும் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் வருசம் மறந்தவர்களிடம் இப்படித்தான் கேட்க வேண்டும்: யப்பான்காரன் குண்டு போட்டதற்கு முந்தியா பிந்தியா? அது 1942 ஏப்ரல் 9. பெரும்புயலுக்கு முந்தியா? அது 1964 டிசெம்பர் 22, தனுஷ்கோடியை அழித்ததும் அதே புயல்தான். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். இப்படி நாலு முளை அடித்துவிட்டால் மீதிக் காலத்தை அவற்றில் கட்டிவிடலாம்.

தேதி தேட இன்னொரு வழியும் இருக்கிறது. இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம். அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ண வேண்டும். என் அம்மாவின் அட்டை தொலைந்து கனகாலம். இலக்கம் மட்டும் ஒரு பழைய நிவாரண அட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தது. 34571 என்று தொடங்கியது. 500ஐக் கழித்தால் 71, அதாவது 1934 மார்ச் 11. மாசியா பங்குனியா என்று அம்மாவுக்கே நிச்சயமில்லாமல் இருந்த நாள், அவர் போய்ப் பதினொரு வருசம் கழித்து என் குசினி மேசையில் கிடைத்தது. குண்டு விழுந்தபோது அவருக்கு எட்டு வயது என்றும் அப்போதுதான் கணக்குத் தெரிந்தது. தம்பலகாமத்துக்கு வண்டிலில் ஓடியதை ஏன் அவர் விளையாட்டுப்போலவே சொல்லுவார் என்று அதற்குப் பிறகு எனக்கு விளங்கியது.

கண்டதையும் கேட்டதையும் கலக்காதீர்கள். எங்கள் மண்ணில் இது மிக முக்கியம். யார் சுட்டது, எங்கே எரிந்தது என்று எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். நான் என் கொப்பியில் இரண்டு சொல் வைத்திருக்கிறேன்: ‘கண்டேன்’, ‘சொன்னார்கள்’. 1983 பற்றி எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் ‘கண்டேன்’ வந்தது ஆறே இடத்தில். அந்த ஆறு இடத்தையும் விரித்து எழுதினேன். மற்றதைச் சுருக்கினேன்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போன நாளை நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அக்காவுக்கு வாசித்தேன். “அண்டைக்கு நீ வீட்டிலேயே இல்லையடி, கிண்ணியாவுக்குப் போயிட்டாய். கூடப் போனது நான்” என்றாள். எனக்கு அழுகையாக வந்தது, ஏனென்றால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடைப்படி ஏறியது என் உடம்பில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அக்கா சொல்லிச் சொல்லி அது எனதாகிவிட்டிருக்கிறது. இப்போது அந்தப் பக்கத்தில் அக்கா சொன்னது முதலில் இருக்கிறது. எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்பது அடுத்து. ஒன்றையும் அழிக்கவில்லை. என்னோடு வேலை செய்த ஒருவர் எனக்குச் செய்த அநியாயத்தையும் எழுதினேன், பெயர் இல்லாமல். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் படிக்கிறார்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உங்கள் வீட்டுச் சொல்லை மாற்றாதீர்கள். கிண்ணியாத் துறையில் பாலம் வருவதற்கு முந்தி நாங்கள் ‘பாதை’யில்தான் போவோம். வாகனமும் சனமும் ஒன்றாக ஏறிக் கடக்கும் மிதவை அது. அதைப் ‘படகு’ என்று எழுதினால் அது எங்கள் துறை இல்லை. வாசிப்பவருக்கு விளங்காது என்று பயந்தால் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள், போதும்.

நேரம் இல்லை, வயது போய்விட்டது என்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரைச் சொல்லுவேன். ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. 1940 இல் தொடங்கி, முடிக்காமலே 1942 ஏப்ரல் 28 இல் காலமானார். எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்த அதே மாதம். அவருடைய கதை பாதியில் நின்றாலும் எழுதிய அவ்வளவும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. வாரம் ஒரு துண்டு என்பது நல்ல கணக்கு. நான் வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலால் வந்ததும் எழுத உட்காருவேன். கொப்பியில் வலப்பக்கம் மட்டும் எழுதுவேன். இடப்பக்கம் அண்ணாவும் அக்காவும் திருத்துவதற்கு.

எழுதின ஒவ்வொரு பக்கத்தையும் அன்றிரவே கைபேசியில் படம் பிடித்து, வேறு ஊரிலிருக்கும் உங்கள் ஆட்களுக்கு அனுப்பிவிடுங்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்லுவேன். நான் கனடாவிலிருக்கும் மகளுக்கும் வவுனியாவிலிருக்கும் அண்ணாவுக்கும் அப்படித்தான் அனுப்புகிறேன். என் கொப்பி இப்போது மூன்று வீட்டில் இருக்கிறது.