கணினியில் இரண்டாவதாக 2 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டினேன், ‘திஸ் பிசி’யில் காட்டவே இல்லை. பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்வது எப்படி?

புது டிஸ்க் என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது பழுதாகியிருக்காது. கடையிலிருந்து வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கோடு போடாத வெற்று நோட்டு மாதிரிதான் இருக்கும். நாம் கோடு போட்ட பிறகுதான், அதாவது பார்ட்டிஷனாகப் பிரித்து ஃபார்மட் செய்த பிறகுதான், விண்டோஸ் அதற்கு டி, ஈ என்று ஒரு எழுத்து கொடுத்துக் காட்டும்.

செய்முறை பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒருமுறை பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணினியில் விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இருந்தது. வீட்டுப் படங்கள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. இடம் போதாமல் இன்னொரு 1 டிபி வாங்கி மாட்டினேன். டிஸ்க்குகளைப் பிரிக்கவும் ஃபார்மட் செய்யவும் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால் இரண்டுமே 931 ஜிபி என்று நிற்கின்றன. புதியது என்று நினைத்துப் பழையதை ஃபார்மட் செய்துவிட்டேன். தங்கையின் திருமணப் படங்கள், அப்பா கடைசியாக ஊருக்கு வந்தபோது எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன.

குயிக் ஃபார்மட் என்பதால் தப்பித்தேன். அது கோப்புகளின் அட்டவணையைத்தான் புதிதாக எழுதும், உள்ளே இருக்கும் தரவை உடனே அழிக்காது. அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததை வேறு டிஸ்க்கில் சேமித்தேன். பெரும்பாலான படங்கள் வந்தன, ஆனால் கோப்புப் பெயரும் ஃபோல்டரும் போய்விட்டன. எது எந்த வருடத்துப் படம் என்று பிரித்தெடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. ஃபார்மட் செய்யும்போதே டிரிம் கட்டளை போய், எஸ்எஸ்டி அந்த இடத்தைக் காலி என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே உங்களுக்கு என் முதல் வேண்டுகோள்: தரவு இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் வேறு ஏதாவது இருந்தால், கணினியை அணைத்து அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதைத் தொடுங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்ற முடியாது, அதில் சி டிரைவ் இருப்பதைப் பார்த்தே அடையாளம் காணலாம். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்பாதீர்கள், கேபிள் இடம் மாறினால் அவையும் மாறலாம். டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் மாடல் எண் தெரியும், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ஒரு மெனு வரும், அதில் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் தேர்ந்தெடுங்கள். புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யச் சொல்லி, அதாவது பார்ட்டிஷன்களின் பட்டியலை எந்த முறையில் எழுதி வைப்பது என்று, கேட்கும். ஜிபிடி, எம்பிஆர் என்ற இரண்டில் ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் பழைய முறை. அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் முடியாது, ஏறக்குறைய 2 டிபிக்கு மேல் உள்ள இடமும் வீணாகும். ஒரு விஷயம், இந்தக் கேள்வி ஏற்கெனவே தரவு இருந்த டிஸ்க்குக்கு வந்தால் ஓகே கொடுக்காதீர்கள். அங்கே கோளாறு வேறு.

பிறகு கறுப்புப் பட்டையாகத் தெரியும் காலியிடத்தில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். அளவை எம்பியில் கேட்கும். 500 ஜிபி வேண்டுமென்றால் 512000. மொத்தம் 1863 ஜிபிதான் காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரத்தால் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில், விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ்ஸே இருக்கட்டும். பெயர் கட்டாயம் கொடுங்கள், ‘நியூ வால்யூம்’ என்று விடாதீர்கள். அடுத்த முறை குழப்பம் வராது.

குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டால் முழு டிஸ்க்கையும் சோதித்துப் பூஜ்ஜியம் எழுதும், 2 டிபிக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். புது டிஸ்க்கென்றால் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. கெட்ட செக்டார் (எழுதவோ படிக்கவோ முடியாத பகுதி) இருந்தால் கடையில் மாற்றித் தரும் நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

எத்தனை பார்ட்டிஷன்? கடைகளில் வழக்கமாக நான்காகப் பிரித்துத் தருவார்கள். விண்டோஸுக்குத் தனி டிஸ்க் இருக்கும்போது அது தேவையில்லை, ஒன்றே போதும். டிஸ்க் போனால் எல்லாப் பார்ட்டிஷனும் சேர்ந்தே போகும். படங்களை டி டிரைவிலும் ஈ டிரைவிலும் இரண்டு பிரதி வைத்தாலும் இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

பின்னாளில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால் அன்றைக்கும் இந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். இல்லாவிட்டால் கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகளை விண்டோஸ் சில சமயம் இதில் கொண்டுபோய் வைத்துவிடும், அப்புறம் இதைக் கழற்றினால் கணினி எழாது.