டெர்மினலுக்கு முதலில் நினைவாற்றல், பிறகு அலங்காரம்

கேள்வி: மேலூரிலிருந்து இலந்தைக்குளத்தில் உள்ள மென்பொருள் நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் உபுண்டு நிறுவியிருக்கிறேன். ஒரு வீடியோவைப் பார்த்து இசட்-ஷெல், வண்ணத் தீம், கூடுதல் வசதி தரும் பிளகின்கள் நிறைய எல்லாம் போட்டேன். இப்போது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஜன்னல் திறக்கவே சில விநாடிகள் ஆகின்றன. மின்சாரம் போனால் வைஃபையும் போய், அலுவலக சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே மாதிரி அமைத்துக்கொள்ள என்ன வழி?

பதில்: பழைய மடிக்கணினிமேல் பழி போடாதீர்கள். டெர்மினலுக்கு 4 ஜிபி தாராளம். நீங்கள் தரும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் இசட்-ஷெல் போன்ற நிரல்தான் ஷெல். அது திறக்கும்போதெல்லாம் தன் அமைப்புக் கோப்பை முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்து, நிறைவேற்றி முடித்த பிறகுதான் நீங்கள் தட்டச்சு செய்ய இடம் தரும். ஒவ்வொரு பிளகினும் அந்த வரிசையில் நின்று நேரத்தைத் தின்கிறது. சோதித்துப் பார்க்க இசட்-ஷெல்லை எஃப் தெரிவுடன் ஓட்டுங்கள். உங்கள் அமைப்புக் கோப்பைத் தொடாமல் திறக்கும். அப்போது உடனே வந்துவிட்டால் தாமதம் முழுவதும் நீங்கள் ஏற்றிவைத்த சுமைதான். நோட் ஜேஎஸ் பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் விழட்டும்.

என் யோசனை: உபுண்டுவின் இயல்பு ஷெல்லான பாஷுக்கே திரும்புங்கள். இசட்-ஷெல் நல்ல கருவிதான். 2019 முதல் மேக் கணினிகளில் அதுதான் இயல்பு ஷெல். ஆனால் நீங்கள் நுழையும் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் காத்திருப்பது பாஷ். கை அதற்குப் பழகட்டும். இன்னொருவர் கட்டிவைத்த தொகுப்பை அப்படியே இறக்குவதைவிட, பொருள் புரிந்து நீங்களே சேர்த்த பத்து வரிகள் மேல். ஏதாவது உடைந்தால் எந்த வரியில் உடைந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் சேர்க்க வேண்டியது வரலாறு, அதாவது நீங்கள் முன்பு கொடுத்த கட்டளைகளின் பட்டியல், பற்றிய வரிகள். இதில்தான் உண்மையான பலன் இருக்கிறது, பலரும் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். உபுண்டு தரும் பாஷ்ஆர்சி என்ற பாஷின் அமைப்புக் கோப்பு நினைவகத்தில் 1000 கட்டளைகளையும், கோப்பில் 2000 வரிகளையும் மட்டுமே வைத்திருக்கும். இந்த அளவுகளைக் குறிக்கும் ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் இரண்டையும் 50000 ஆக்குங்கள். ஆறு மாதத்துக்கு முன் அரும்பாடுபட்டு எழுதிய கட்டளையின் ஒரு சொல் நினைவில் இருந்தால் போதும். கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தித் தேடி எடுத்துவிடலாம். இன்னொன்று, பாஷ் தன் வரலாற்றை ஜன்னலை முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதும். பேட்டரி தளர்ந்த மடிக்கணினி மின்தடையில் சட்டென அணைந்தால் அன்றைய கட்டளைகள் போயே போய்விடும். பிராம்ப்ட் கமாண்ட் என்ற மாறியில், ஹிஸ்டரி கட்டளையை ஏ தெரிவுடன் வைத்தால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அது கோப்பில் பதிவாகிவிடும். கடவுச்சொல் கலந்த கட்டளையை ஓர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்; உபுண்டுவின் இயல்பு அமைப்பில் அது வரலாற்றில் சேராது.

கட்டளைகளுக்கு நாமே வைக்கும் மாற்றுப்பெயர்களைக் குறைவாக வையுங்கள். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு, கேட்டுவிட்டு அழிக்கும்படி மாற்றுப்பெயர் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். கேட்கும் என்ற நம்பிக்கையில் பழகிய விரல், அந்த ஏற்பாடு இல்லாத சர்வரில் கேள்வியே இல்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

நிறம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டுக் கணினியின் பிராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியின் தொடக்கம்) பச்சை, வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரின் பிராம்ப்ட் சிவப்பு என்று வைத்தால், எங்கே நிற்கிறோம் என்பதைக் கண் முதலில் சொல்லிவிடும். தமிழ் எழுத்துகள் சிதறித் தெரிந்தால் எழுத்துருவை மாற்றி மாற்றி அலுத்துப்போகாதீர்கள். டெர்மினல் திரை சம அகலக் கட்டங்களால் ஆனது. இருபுறமும் குறி ஏற்கும் ‘கொ’ போன்ற எழுத்து அதில் எளிதில் அடங்காது.

இணைப்பு அறுவதற்குத் தீர்வு, டெர்மினல் வேலையை இணைப்பு போனாலும் நிற்காமல் வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரல். சர்வருக்குள் நுழைந்த பிறகு, அங்கே அதைத் தொடங்க வேண்டும்; உங்கள் மடிக்கணினியில் தொடங்கிப் பயனில்லை. சர்வரில் அது நிறுவப்படாமல் இருந்தால் நிர்வாகியிடம் கேளுங்கள். வேலையை டிமக்ஸுக்குள் ஓட்டினால், வீட்டில் மின்சாரம் போனாலும் அது அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து அட்டாச் கட்டளை கொடுத்தால் விட்ட இடம் அப்படியே திறக்கும். நீங்களாக விலக, கன்ட்ரோலுடன் பி, பிறகு டி.

இரண்டு இடத்திலும் ஒரே அமைப்பு வேண்டுமானால், இந்த அமைப்புக் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் வையுங்கள். அவை இருக்க வேண்டிய இடத்தில் அசல் கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு மட்டும் போதும். வீட்டில் திருத்தியதை அலுவலகத்தில் இழுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் நிறுவனத்தின் அனுமதியைக் கேட்டுவிடுங்கள். சர்வர் முகவரிகள், ரகசியச் சாவிகள் இவற்றை கிட்டில் சேராத தனிக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் படிக்கும்படி பாஷ்ஆர்சியில் ஒரு வரி சேருங்கள். அந்தத் தனிக் கோப்பு அலுவலகக் கணினியை விட்டு வெளியே வரக்கூடாது.