உங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பிறகு மாறியதுண்டா?

மாறியிருக்கிறேன். கழகம் மாறுவதை உதைபந்தாட்ட ரசிகர்கள் பெரிய துரோகமாகப் பேசுவார்கள் என்பது தெரிந்தேதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகள் லிவர்பூலுக்காகக் கத்தியவன் நான். 2014 மே மாதத்திலிருந்து என் கழகம் வெஸ்ட் ஒக்லண்ட் டவுன். நியூசிலாந்தில் உள்ள ஒக்லண்ட் அல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில், நிலக்கரியை நம்பி வாழ்ந்த ஒரு கிராமம்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கீழே இருந்த ஒரு சரிவுதான் எங்கள் மைதானம். மேல்பக்கக் கோலுக்கும் கீழ்ப்பக்கக் கோலுக்கும் ஓர் ஆள் உயரம் வித்தியாசம். கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைக்குள் உருண்டு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை போய்விடும். எடுக்கப் போனவன் காலில் இரண்டு அட்டைகளோடு திரும்புவான். பனி இறங்கிவிட்டால் பந்து யாரிடம் இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியும் விளையாடினோம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துப் பையன்களுக்குக் கழகம் கிடைத்த விதங்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. பக்கத்துக் காம்பராவில் இருந்தவனுக்குப் பண்டாரவளைச் சந்தையில் பழைய துணிக் குவியலிலிருந்து அவன் அம்மா ஒரு சிவப்புச் சட்டை எடுத்து வந்தார். அதில் ‘ஷார்ப்’ என்று எழுதியிருந்தது. அது மன்செஸ்டர் யுனைட்டெட்டின் சட்டை என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன நாளிலிருந்து அவன் மன்செஸ்டர்காரன். என் பெரியம்மா மகன், அண்ணன், துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தபோது பெட்டியில் ஆர்சனல் சட்டை இருந்தது. 2006 முதல் அந்தச் சட்டையின் நெஞ்சில் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நான்கு வருடம் வெயிலில் நின்று உழைத்த ஊரின் ஞாபகமாக அதை வாங்கியிருக்கிறார். பிறகு ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்து ஆர்சனலை விடவே முடியாமல் போய்விட்டது.

இவற்றை அற்பக் காரணங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லிவர்பூலில் பிறந்தவனுக்குக் கழகத்தை அவன் அப்பா கொடுக்கிறார். எங்களுக்குச் சந்தையும் வெளிநாட்டுப் பெட்டியும் கொடுத்தன. வந்த வழியை விட, வந்தபின் எத்தனை வருடம் கூட இருந்தோம் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எனக்கு லிவர்பூலைக் கொடுத்தது ஓர் இரவு. 2005 மே 25, இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கழகங்களின் இறுதிப்போட்டி. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இலங்கையின் கடிகாரம் அந்தக் காலத்தில் இன்றையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடியது. ஆட்டம் தொடங்கியபோது எங்களுக்கு நள்ளிரவு தாண்டி 12.45. டிஷ் அன்டெனா வைத்திருந்த தோட்டக் கடைக்கார மாமாவின் வீட்டுக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போயிருந்தோம். இடைவேளையில் மிலான் மூன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றது. பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். காலையில் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். நாங்கள் நாலு பையன்கள் மட்டும் மாமியின் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ என்று ஆறே நிமிடங்களுக்குள் மூன்று கோல்கள். கடைசியில் பெனால்டியில் ஷெவ்சென்கோவின் பந்தை டூடெக் தட்டிவிட்டபோது நாங்கள் போட்ட கூச்சலில் கீழ் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. அதற்குப் பிறகு வேறு கழகத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

பள்ளி முடிந்ததும் அம்மாவின் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து முன்பணம் கட்டி, ஒரு முச்சக்கர வண்டி எடுத்தேன். சுற்றுலா வருகிறவர்களை அப்புத்தளை நகரத்திலிருந்து தம்பேதென்ன வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏற்றிப் போவதுதான் தொழில். தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த மலை உச்சி அது. காப்பியை இலைநோய் அழித்தபின் விலை விழுந்து கிடந்த தோட்டங்களை 1890இல் அவர் வந்து வாங்கினார். தம்பேதென்ன ஸ்டோரும் அவர் கட்டியதுதான். காலை ஒன்பது மணிக்குள் போனால்தான் மலையிலிருந்து எதையாவது பார்க்கலாம். பிறகு பனி மூடிவிடும்.

2014 ஜனவரியில் ஒரு காலை எழுபது வயதான ஓர் ஆங்கிலேயரை ஏற்றிப் போனேன். மேலே லிப்டனின் சிலை ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் உட்காரவில்லை. சிலைக்கு எதிரே நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, இந்த மனிதர் கொடுத்த கிண்ணத்தை எங்கள் ஊர் இரண்டு தடவை வென்றது, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த மலையில் வளர்ந்தவன் நான். அவர் சொல்லும்வரை அப்படி ஒரு கிண்ணம் இருந்ததே தெரியாது.

திரும்பி வரும் வழியில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். 1909இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் லிப்டனின் பெயரில் வெள்ளிக் கிண்ணத்துக்கு ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. அணி அனுப்ப இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் மறுத்துவிட்டது. போனது வெஸ்ட் ஒக்லண்ட். பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்ட, சம்பளம் வாங்காமல் விளையாடும் அணி. பயணச் செலவுக்கு வீட்டுச் சாமான்களை அடகு வைத்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அவர் அதைச் சொன்னபோது நான் அம்மாவின் தோட்டை நினைத்தேன். ஸ்டுட்கார்ட் அணியை இரண்டுக்குப் பூச்சியம் என்றும், இறுதிப்போட்டியில் வின்டர்தூரை அதே கணக்கிலும் வென்றார்கள். 1911இல் மறுபடியும் போனார்கள். இறுதிப்போட்டியில் எதிரே ஜுவென்டஸ். ஆறுக்கு ஒன்று! இன்று உலகம் அறிந்த அந்த ஜுவென்டஸைத்தான் சொல்கிறேன். இரண்டு முறை வென்றதால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது.

முதல் உலகக் கிண்ணம் எங்களுடையது என்று அந்தக் கிராமம் சொல்கிறது. உலகக் கிண்ணப் போட்டி உருகுவேயில் தொடங்கியது 1930இல்தான்; நாலு அணிகள் ஆடியதை உலகம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஷிப்ட் முடித்துச் சுரங்கத்திலிருந்து மேலே வந்த மனிதர்கள் அன்றைய ஐரோப்பாவைக் கடந்து போய் வென்றார்கள் என்றால், அந்த ஊருக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது என்பது என் கருத்து.

அழைப்புக் கடிதத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. உறையில் முதலெழுத்துகள் மட்டும் இருந்தனவாம். அது உண்மையில் வூல்விச் ஆர்சனலுக்குப் போக வேண்டியது, அதே முதலெழுத்துகள் உள்ள வெஸ்ட் ஒக்லண்டுக்கு வந்துவிட்டது என்பார்கள். வூல்விச் ஆர்சனல்தான் பின்னாளில் வெறும் ஆர்சனல் ஆனது. இதைச் சொன்ன நாளிலிருந்து என் அண்ணன், அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று என்னோடு வழக்காடுகிறார்.

ஆனால் என் நெஞ்சில் தங்கியது வெற்றிகள் அல்ல, அதற்குப் பின் நடந்தவை. கழகத்துக்குக் கடன் ஏறியது. 40 பவுண்டுக்குக் கிண்ணத்தை ஊர் விடுதிக்காரப் பெண்மணியிடம் ஈடாக வைத்தார்கள். 1960இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். கிண்ணம் திரும்பி வந்தபோது, எனக்குக் கதை சொன்ன பெரியவருக்குப் பதினாறு வயது. டர்ஹம் நிலக்கரிப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், கிண்ணத்தை யாரோ திருடிவிட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது பிறகு செய்த நகல். முதலில் வேலை போனது, பிறகு கிண்ணமும் போனது என்று அவர் சொல்லிவிட்டுத் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வளர்ந்த வீட்டைப் பற்றியும் கேட்டேன். சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள், ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும், வேலை போனால் வீடும் போகும் என்றார். சேர், நீங்கள் சொல்வது எங்கள் லயம் என்றேன். வண்டியைத் தோட்டத்துக்குத் திருப்பி எங்கள் காம்பராவுக்கே கூட்டிப்போனேன். அப்பாயி ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் வைத்துக் கொடுத்தார். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அந்த வசந்தகாலத்தில்தான் நான் மாறினேன். ஏப்ரல் 27ஆம் திகதி லிவர்பூல் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தபோது, செல்சிக்கு எதிராக ஜெரார்ட் வழுக்கி விழுந்தார். இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றது. வருத்தப்பட்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன். பதின்மூன்று நாள் கழித்து, மே 10, வெஸ்ட் ஒக்லண்ட் வெம்பிளியில் ஆடியது. சிறிய கழகங்களுக்கான எப்.ஏ. வேஸ் கிண்ணத்தின் இறுதிப்போட்டி அது. 2012லும் அங்கே போய் டன்ஸ்டனிடம் தோற்றிருந்தார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கி இருக்கும் மேட்டுக்கு ஏறிப் போய், கைத்தொலைபேசியில் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷோலிங் அணியிடம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். அந்த இருட்டில், ஒரு கோலைக்கூடக் கண்ணால் பார்க்காத ஆட்டத்துக்காக, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. எந்தத் தோல்வி தூங்கவிடவில்லையோ அதுதான் என் கழகம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. லிவர்பூல் மீது இன்றும் அன்பு இருக்கிறது. அது விருந்தாளியின் மீதுள்ள அன்பு.

அதே வருடம் அக்டோபர் 29 காலை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. நாங்கள் வண்டிகளில் அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு போனோம். இருந்த இடத்தில் செம்மண்ணும் தண்ணீரும்தான். பெண்கள் அந்த மண்ணைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னமும் கை வருவதில்லை.

அன்று இரவு பெரியவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. உன் லயம் நிற்கிறதா, அப்பாயி எங்கே என்று கேட்டிருந்தார். கீழே இன்னொரு பத்தி. 1909 பெப்ரவரி 16ஆம் திகதி டர்ஹமில் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கம் வெடித்து 168 பேர் இறந்தார்கள். சுரங்க வாயிலில் காத்து நின்ற பெண்களைப் பற்றி அவருடைய பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். பூமிக்கு மேல் நின்று காத்திருப்பது என்னவென்று எங்கள் ஊர்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் மாதக் கணக்கைப் பார்த்தேன். வெஸ்ட் ஒக்லண்ட் முதல் தடவை டூரினில் ஆடியது அதற்கு இரண்டே மாதங்கள் கழித்து.

வருடத்துக்கு ஒரு தடவை அவருக்கு எங்கள் ஸ்டோரின் தேயிலை ஒரு கிலோ அனுப்புகிறேன். அவர் ஆட்டத்தன்று விற்கும் சிறு புத்தகங்களை அனுப்புவார். சனிக்கிழமை அவர்களுக்குப் பிற்பகல் மூன்று மணி, குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 8.30. இப்போது லயம் வரை சிக்னல் வருகிறது, மேட்டுக்கு ஏற வேண்டியதில்லை. ஆனாலும் அங்கேதான் போகிறேன்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அந்தப் புத்தகங்களில் உள்ள படங்களைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகினான். மாலையில் சரிவு மைதானத்தில் மேல்பக்கக் கோலைப் பிடித்துக்கொண்டு, தான் வெஸ்ட் ஒக்லண்ட் என்கிறான். கீழ்ப்பக்கம் நிற்பவர்கள் ஜுவென்டஸ். ஆறாவது கோல் விழும்வரை, பனி இறங்கினாலும் ஆட்டத்தை நிறுத்த விடமாட்டான்.